பாலைவன ஏரியில் நாலு நாள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பவல் ஏரிக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா மாநிலங்களுக்கு நடுவே, சிவப்புப் பாறைகளுக்கு இடையில் நீண்டு கிடக்கும் அந்த ஏரிக்கு நாங்கள் குடும்பத்தோடு ஆறு தடவை போயிருக்கிறோம். சொந்தப் படகு கிடையாது, எல்லாம் வாடகைதான். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் இரண்டு குடும்பம், மொத்தம் ஒன்பது பேர். ஜூலை முதல் வாரம் நாலு நாள் லீவு. படகுவீடு எடுத்து ஏரி முழுக்கச் சுற்றலாம் என்று ஒரு கட்சி, சின்னப் படகும் டென்ட்டும் போதும் என்று இன்னொரு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? (சாண்ட்லர், அரிசோனா)

முதலில் ஜூலை முதல் வாரத்தை விட்டுவிடுங்கள் தம்பி. அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை என்பதால் படகை இறக்கும் சரிவிலேயே வரிசை நிற்கும். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும், பாறை அதை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை திருப்பித் தரும். டென்ட்டுக்குள் குழந்தைகள் தூங்கவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் பின்பாதி. தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், இடிமழைக் காலமும் அநேகமாக முடிந்திருக்கும். பள்ளிக்கூடம்தான் இடிக்கும், வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு சொல்லிப் பாருங்கள். முடியாது என்றால் ஜூன் தொடக்கம். மே மாதம் வெளியே இதமாக இருக்கும், ஆனால் அப்போது தண்ணீருக்குள் இறங்கினால் பல் தந்தியடிக்கும்.

அடுத்தது, 'ஏரி முழுக்க' என்ற நினைப்பு. ஏரி நிறைந்திருக்கும்போது அதன் நீளம் 186 மைல். பெரிய பக்கப் பள்ளத்தாக்குகள் மட்டும் 96. கரையோரத்தை வளைவு வளைவாக அளந்தால் கிட்டத்தட்ட 1,960 மைல் வரும். நாலு நாளில் இதை யாராலும் சுற்ற முடியாது. சுற்றப் போனவர்கள் பெட்ரோல் கணக்குப் பார்த்தே நாலு நாளையும் கழித்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். முன்பு பாதி வழியில் டாங்லிங் ரோப் என்ற மிதக்கும் துறையில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், நீர்மட்டம் இறங்கியதில் அதை மூடிவிட்டார்கள். இப்போது தெற்கே வாவீப், ஆன்டிலோப் பாயின்ட் படகுத்துறைகள் பக்கம் நிரப்பினால், வடக்கே புல்ஃப்ராக் துறைக்குப் போகும் வரை நடுவில் ஒரு சொட்டு கிடைக்காது. அதனால் டாங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மிச்சம் இருக்கும் ஒரு பங்கைத் தொடவே கூடாது.

படகுவீட்டில் வசதிகள் உண்டு. சமையலறை, குளியலறை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருக்கும், வயதானவர்கள் வந்தால் பேருதவி. ஆனால் ஓட்டுவது லேசு இல்லை. பெரிய பெட்டி மாதிரி உயரமாக நிற்பதால் காற்று அதைப் பாய்மரம் போலப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினாலும் அது தன் போக்கில் இடப்பக்கம் நகரும். வாடகையும் ஆயிரக்கணக்கான டாலர். முதல் தடவை, ஒன்பது பேர் என்றால், ஆள் ஏற்றும் அளவைப் பார்த்து ஒரு நல்ல மோட்டார் படகு எடுங்கள். வாவீப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஏதாவது ஒரு மணல்துறையில் டென்ட் போடுங்கள். மூன்று ராத்திரியும் அங்கேயே. பகலில் படகில் சுற்றிவிட்டு சாயங்காலம் அதே இடத்துக்கு வந்துவிடலாம். தினமும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டுகிற வேலை மிச்சம். அதைவிட முக்கியம், மூன்றாம் நாள் ஆகும்போது அந்த இடம் உங்கள் வீட்டு முற்றம் மாதிரி ஆகிவிடும். எதிர்ப்பாறையில் வெயில் எத்தனை மணிக்கு இறங்கும், எந்த இடுக்கில் நிழல் கிடைக்கும் என்று குழந்தைகளே சொல்வார்கள். என் சின்ன மகள் அப்படி ஒரு பாறைக்குத் தாத்தா என்று பெயர் வைத்தாள், இரண்டு வருடம் கழித்துப் போனபோதும் அதைத் தேடினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும் வருடங்களில் சில சரிவுகளை மூடிவிடுவார்கள்.

என் இரண்டு பையன்களும் நீச்சல் வகுப்பில் மெடல் வாங்கியவர்கள். அவர்களுக்கு எதற்கு லைஃப் ஜாக்கெட் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. படகு ஓடும்போது 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் போட்டிருக்க வேண்டும் என்பது இரண்டு மாநிலத்திலும் சட்டம். நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருடா வருடம் வெளியிடும் படகு விபத்துக் கணக்கில், மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள்தான்.

நீச்சல் குளத்துக்குக் கரை உண்டு, இங்கே பாதி இடத்தில் கரையே கிடையாது. பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும், கை வைத்து ஏற ஒரு பிடி இருக்காது. மணல் கரையிலும் நாலு எட்டு வைத்தால் இடுப்பளவு, ஐந்தாவது எட்டில் கால் எட்டாது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது பயணம். மத்தியானம், நல்ல வெயில், நடு ஏரியில் இன்ஜினை அணைத்துவிட்டு என் தம்பி குதித்தான். அவன் காவிரியில் நீந்தி வளர்ந்தவன், லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்றுவிட்டான். ஒரு காற்று வந்தது. பெரிய காற்று இல்லை, தலைமுடி கலைகிற அளவுதான். படகு நகர ஆரம்பித்தது. அவன் நீந்தி வருகிறான், படகு விலகிக்கொண்டே இருக்கிறது. முதலில் சிரித்துக்கொண்டே நீந்தினான். அப்புறம் சிரிப்பு நின்றது. ஐம்பது அடி, நூறு அடி ஆகிவிட்டது. படகில் இருந்த எனக்கும் என் நாத்தனாருக்கும் இன்ஜினைக் கிளப்பத் தெரியாது, ஓட்டுகிற என் கணவர் முன்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, படகைத் திருப்பி, தம்பிக்குப் பக்கத்தில் போய் இன்ஜினை அணைத்து மேலே இழுத்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. பத்து நிமிஷம் பேசவே இல்லை. அன்றைக்கு இருந்து எங்கள் வீட்டில் இரண்டு விதி. ஒன்று, நடு ஏரியில் தண்ணீரில் இறங்கும் யாரும், எந்த வயதானாலும், ஜாக்கெட் போட வேண்டும். இரண்டு, படகை ஓட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் முழித்துக்கொண்டு படகில் இருக்க வேண்டும், இன்ஜினைக் கிளப்பவும் அணைக்கவும் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இப்போது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்பக்கம் யாரும் நீந்தக் கூடாது, பின்பலகையில் உட்காரவும் கூடாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும், நாம் வெயில் பட்டுவிட்டது, படகு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். தண்ணீரில் இருக்கும்போது நினைவு தப்பினால் அவ்வளவுதான். 2000 ஆகஸ்டில் இதே பவல் ஏரியில் படகுவீட்டுக்குப் பின்னால் நீந்திய இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, இப்படித்தான் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு ஆய்வாளர்கள் வந்து படகுவீடுகளின் பின்பக்கப் புகையை அளந்தார்கள். வாடகைக்கு எடுக்கும்போது புகை எந்தப் பக்கம் வெளியேறுகிறது, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உயரப் பாறையில் இருந்து குதிப்பது வேண்டவே வேண்டாம். 15 அடியும் அதற்கு மேலும் இருந்தால் அங்கே தடையும் இருக்கிறது.

போன வருடம் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்குக்கு டிக்கெட் எடுத்தும் நேரத்தைத் தவறவிட்டோம். போன் ஒரு நேரம் காட்டியது, காரில் வேறு நேரம். (இர்வைன், கலிஃபோர்னியா)

அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. யூட்டாவில் மாற்றுகிறார்கள், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்திலும் மாற்றுகிறார்கள். ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பேஜ் ஊர் அரிசோனா நேரம், ஐந்தாறு மைல் வடக்கே போனால் யூட்டா நேரம், கிழக்கே நவஹோ நிலம். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த நேரப்படி என்று கேட்டுவிட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்து 11 பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம். படகில் போகும்போதும் குறுகலான பாறைச் சந்துக்குள் நடந்து போக ஆசை வரும், எங்களுக்கும் வரும். தூரத்தில் ஒரு மூலையில் கருமேகம் தெரிந்தாலும் உள்ளே போகாதீர்கள், சந்து வாயில் டென்ட் போடவும் போடாதீர்கள்.

டென்ட் மணலில் நிற்கவே மாட்டேன் என்கிறது, படகையும் ராத்திரி எப்படிக் கட்டுவது? ஒரு மரம்கூட இல்லையே! (டெம்பி, அரிசோனா)

இதைக் கேட்டதற்கு நன்றி. எல்லாரும் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று கேட்கிறார்கள், ராத்திரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் இரண்டாவது பயணத்தில் இதே தப்பைத்தான் செய்தோம்.

படகின் மூக்கை மணலில் ஏற்றினோம். முன்னால் ஒரே ஒரு கயிறு, அதன் நுனியில் நங்கூரம், அதை மணலில் லேசாகக் குத்தி வைத்தோம். ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. டென்ட்டுக்கு வாங்கும்போது கொடுத்த சின்னக் கம்பி முளைகளையே அடித்தோம். ரசம் வைத்துச் சாப்பிட்டு, நட்சத்திரம் பார்த்துவிட்டுப் படுத்தோம். பதினொரு மணி வாக்கில் காற்று. தூரத்தில் எங்கோ பெய்த மழையின் காற்றாக இருக்கும், எங்கள் தலைக்கு மேலே ஒரு மேகமும் இல்லை. முதலில் டென்ட் துணி படபடவென்று அடித்தது, அப்புறம் கம்பு வளைந்து என் முகத்தில் வந்து படுத்தது. வாயெல்லாம் மணல், பல்லைக் கடித்தால் நறநறவென்றது. பிள்ளைகளைப் போர்வையில் சுற்றி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். என் கணவர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது, ஒவ்வொரு அலைக்கும், படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளும் இன்ஜின் விசிறி தரையில் இடிக்கிற சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒன்றரை மணி நேரம் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது ஒரு டென்ட் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, விசிறியில் ஓர் இதழ் வளைந்திருந்தது. அதற்கு நாங்கள்தான் பணம் கட்டினோம், தப்பு எங்களுடையது.

அடுத்த நாள் பக்கத்துத் துறையில் இருந்த ஒரு பெரியவர், ரொம்ப வருடமாக அங்கே வருகிறவர், வந்து சொல்லிக்கொடுத்தார். படகின் மூக்கு கரையில். பின்பக்க இரண்டு மூலையில் இருந்தும் இரண்டு கயிறு, ஒன்று வலப்பக்கக் கரைக்கு, ஒன்று இடப்பக்கக் கரைக்கு, சாய்வாக விரிந்து போக வேண்டும். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு நங்கூரம். அந்த நங்கூரத்தைக் குத்தி வைப்பது இல்லை, மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் படுக்க வைத்து மணலை மூடி மிதிக்க வேண்டும். கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். தூங்கப் போகும் முன் ஒரு தடவை, ராத்திரி எழுந்தால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஏரி மட்டம் நிலையாக இருப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் மேலே மலையில் பனி உருகித் தண்ணீர் ஏறும், படகு தானாக மிதந்து விடுபட்டுவிடும். கோடைக் கடைசியில் இறங்கும், காலையில் படகு மணலில் உட்கார்ந்திருக்கும், ஏழு பேர் தள்ளினாலும் நகராது.

டென்ட்டுக்கும் அதே வித்தைதான். மளிகைக் கடைத் துணிப்பை ஏழெட்டு எடுத்துப் போங்கள். மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து, அந்தக் கயிற்றை டென்ட்டோடு கட்டுங்கள். அதன் பிறகு எங்கள் டென்ட் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

காரிலேயே தண்ணீர் ஓரம் வரை போகலாம் என்று லோன் ராக் கரைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அழகான இடம், படகு இல்லாதவர்களுக்கு நல்லது. ஆனால் அந்த மணலில் சாதாரணக் கார் சக்கரம் புதைந்துவிடும், இழுக்க ஆள் கூப்பிட்டால் செலவு எக்கச்சக்கம். கெட்டியான தரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே கழிப்பறை? பெண்கள் நாங்கள் ஐந்து பேர். (பிளேனோ, டெக்சஸ்)

இதற்குப் பதில் தெரியாமல்தான் எத்தனையோ அம்மாக்கள் பயணமே வேண்டாம் என்கிறார்கள். படகில் போய்த் தங்கும் கரைகளில் கழிப்பறை கிடையாது. படகில் கழிப்பறை இல்லை என்றால் கையோடு எடுத்துப் போகும் கழிப்பறை கட்டாயம், விதியே அப்படி. உங்கள் ஆள் கணக்குக்குப் போதுமான கொள்ளளவு இருக்க வேண்டும். குழி வெட்டி மூடுவதற்கு அனுமதி இல்லை. அது நியாயம்தான், இன்றைக்குக் கரையாக இருப்பது அடுத்த ஜூனில் தண்ணீருக்குள் போய்விடும். வாளி மாதிரி இருக்கைப் பெட்டி, அதற்கான உறைகள், ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு சின்ன டென்ட், மூன்றையும் வாங்குங்கள். அந்தச் சின்ன டென்ட்டை மற்ற டென்ட்டுகளில் இருந்து தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, பாறைக்குப் பின்னால் நிறுத்துங்கள். உள்ளே ஒரு விளக்கு, கை கழுவத் தண்ணீர்க் குடம், சோப்பு. முதல் நாள் சங்கடமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

நான் மேட்டூர்க்காரன். பாலைவனத்தில் இவ்வளவு பெரிய ஏரி எப்படி வந்தது? தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது என்று படித்தேன், அங்கே போய் உல்லாசமாக இருப்பது சரியா என்றும் கேட்கத் தோன்றுகிறது. (மேட்டூர்)

அது ஏரி இல்லை ஐயா, உங்கள் ஊர் மாதிரி அணை. கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை, உயரம் 710 அடி. 1963 மார்ச்சில் மதகை மூடினார்கள், ஏரி முதன்முதலாக நிறைந்தது 1980-இல்தான். பதினேழு வருடம். ஏரிக்குப் பெயர் கொடுத்த பவல், போரில் ஒரு கையை இழந்தவர். 1869-இல் மரப்படகுகளில் ஆட்களோடு அந்த ஆற்றில் இறங்கி, அதுவரை வரைபடத்தில் வெறுமையாக இருந்த பகுதியைக் கடந்தவர். கிளென் கேன்யன் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அவர் பெயர் வைத்த பள்ளத்தாக்கை மூழ்கடித்த நீருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டது 1922 ஒப்பந்தத்தில். அப்போது ஆற்றில் நல்ல வெள்ளம் வந்த வருடங்களின் கணக்கை வைத்துப் பங்கு பிரித்துவிட்டார்கள். இன்று சுமார் 4 கோடிப் பேர் அந்த ஆற்றை நம்பி இருக்கிறார்கள், 2000-க்குப் பிறகு வறட்சி விட்டபாடில்லை. ஏரி நிறைந்தால் கடல்மட்டத்தில் இருந்து 3,700 அடி. 2023 பிப்ரவரியில் ஏறத்தாழ 3,520 அடிக்கு இறங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் பெய்த பனி உருகி அதே கோடையில் 60 அடிக்கு மேல் ஏறியது, ஆனாலும் நிறையவில்லை. படகில் போகும்போது பாறையில் வெள்ளைக் கோடு தெரியும், நம் வீட்டு வாளியில் உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் கறை மாதிரி. அதற்குக் கீழே எல்லாமே ஒரு காலத்தில் தண்ணீருக்குள் இருந்தது. நாங்கள் போன ஒரு வருடம் அந்தக் கோடு எங்கள் தலைக்கு மேலே பல மாடி உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள், யாரும் பேசவில்லை.

மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே வரும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான். எஸ்கலான்டே கிளையில் கதீட்ரல் இன் தி டெசர்ட் என்று ஒரு பாறைக் குடைவு, உள்ளே ஒரு சின்ன அருவி. ஏரிக்குள் மூழ்கிப்போன அது 2005-இல் நீர்மட்டம் இறங்கியபோது தலைகாட்டியது, சமீபத்திய வறட்சியில் மறுபடியும். வற்றுவது தண்ணீருக்குக் கேடு, ஆனால் மூழ்கிய பள்ளத்தாக்கு திரும்பி வருகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

போவது சரியா என்றால், நான் போகத்தான் செய்கிறேன். தண்ணீர் பெரும்பாலும் வயல்களுக்குப் போகிறது, படகுக்காரர்களால் வற்றவில்லை. நாம் செய்ய வேண்டியது வேறு. ரெயின்போ பிரிட்ஜ் என்ற 290 அடி உயரக் கல் வளைவுக்குப் படகில் போய் நடக்கலாம். நவஹோ உட்படப் பல பழங்குடி மக்களுக்கு அது வழிபாட்டு இடம், அதன் அடியில் நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் எட்ட நின்றே கும்பிட்டுவிட்டு வந்தோம். அப்புறம், குவாகா என்ற சின்னச் சிப்பி இந்த ஏரியில் பரவிவிட்டது. சொந்தப் படகு கொண்டு போகிறவர்கள் வெளியே எடுத்ததும் கழுவி, அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்து, காய விட்டுத்தான் வேறு ஏரியில் இறக்க வேண்டும். அந்தச் சிப்பி பிளேடு மாதிரி, தண்ணீருக்குள் பாறையில் கால் வைத்தால் கிழித்துவிடும். ரப்பர் செருப்பு எல்லாருக்கும் வேண்டும்.

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், 68 வயது. நீச்சல் தெரியாது, முழங்கால் வலி. பேரப்பிள்ளைகள் பாட்டி வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். நான் போனால் அவர்களுக்குப் பாரமாக இருக்குமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (மதுரையில் இருந்து வந்து இப்போது கில்பர்ட்டில்)

பாரமா! போய்ட்டு வாங்கம்மா. என் மாமியார் 71 வயதில் வந்தார், எங்கள் பயணங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

உங்கள் அளவுக்கான லைஃப் ஜாக்கெட்டை மகனிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கச் சொல்லுங்கள், வாடகைக் கடையில் கிடைப்பது பொருந்தாமல் கழுத்தை இடிக்கும். புடவை வேண்டாம், சல்வாரோ கால்சட்டையோ போடுங்கள், படகில் கால் தூக்கி ஏற வேண்டும். மகனிடம் நாலு படி உள்ள சின்ன ஏணி கேளுங்கள், மூக்குப் பக்கம் வைத்தால் முழங்காலுக்கு வலி தெரியாது. மணலில் சாதாரண நாற்காலி சாய்ந்துவிடும், கால் அகலமான கடற்கரை நாற்காலி வாங்கச் சொல்லுங்கள். படகில் ஓட்டுபவருக்குப் பக்கத்திலோ பின்னாலோ உட்காருங்கள், முன்பக்கம் அலைக்குத் தூக்கிப் போடும். காலையில் காற்று எழும்பும் முன் சவாரி, பத்துப் பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவது உங்கள் உடம்புக்கு ஒத்துவரும். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் தண்ணீர் புகாத பெட்டியில், உங்கள் கைப்பையிலேயே. போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, படகில் ரேடியோ இருந்தால் அவசரத்துக்கு 16-ஆம் அலைவரிசை. அதை உங்களுக்கும் காட்டித் தரச் சொல்லுங்கள்.

குடிதண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு. தாகம் எடுக்காது, வறண்ட காற்றில் வியர்வை தெரியாமல் காய்ந்துவிடும், ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். மணிக்கு ஒரு தம்ளர் குடியுங்கள்.

சாப்பாடு உங்கள் கையில்தான், அதனால்தான் பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் நாளுக்குப் புளியோதரையும் எலுமிச்சம்பழச் சாதமும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போங்கள். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போனால் அடுத்த நாள் காலை வரை தாங்கும், அதற்கு மேல் அந்தச் சூட்டில் வேண்டாம். பின்னால் வரும் நாட்களுக்கு ரவையை வறுத்து, கடுகு உளுந்து தாளித்துக் கலந்து டப்பாவில் வைத்துவிட்டால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி உப்புமா ஐந்து நிமிஷம். பருப்புப்பொடி, நெய், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய். ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று பிள்ளைகள் ஜூஸுக்காகத் திறந்து திறந்து மூடுவதற்கு, இன்னொன்று தயிருக்கும் பாலுக்கும். இரண்டாவதில் உடைத்த ஐஸ் போடாமல் பெரிய கட்டியாகப் போட்டால் மூன்று நாள் நிற்கும். சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீர்கள், அங்கே உள்ள அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பைக்கூட இழுத்துத் திறந்துவிடும். ராத்திரி கழற்றிய செருப்பைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

ராத்திரி எட்டரைக்கு மேல் நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் பால்வீதி பாறையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை தெரியும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்தபோது பார்த்தது, கரண்ட் வந்த பிறகு பார்க்கவே இல்லை என்றார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு, அந்த ஊரில் அப்புறம் என்ன ஆச்சு பாட்டி, அப்புறம் என்ன ஆச்சு என்று பன்னிரண்டு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, செப்டம்பரில் விடியற்காலை குளிரும்.